ஏழடி ஆழத்துத் தங்கம் ஏன் ஒலிக்காது?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி பக்கம் போகிற சாலை, செவிலிமேட்டைத் தாண்டித்தான் பாலாற்றுப் பாலத்தில் ஏறுகிறது. சாலையின் ஒரு பக்கம் தறி ஓடும் தெருக்கள், லட்சுமி நரசிம்மர் கோயில், வரதராசப் பெருமாளுக்கு இராமானுசர் நாள்தோறும் தீர்த்தம் சுமந்ததாகச் சொல்லப்படும் சாலைக் கிணறு. மறுபக்கம் பெரும்பாலான மாதங்கள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு. இந்த வட்டாரத்தில் மண்ணுக்குள் ஏதோ இருக்கிறது என்று மக்கள் நம்புவதற்குக் காரணம் உண்டு. ஆறு தாண்டிய உத்திரமேரூரில், குழம்பேசுவரர் கோயில் திருப்பணியின்போது 2020 டிசம்பரில் கருவறைப் படிக்கல்லுக்கு அடியில் அரைக் கிலோவுக்கும் மேல் தங்க நகைகள் கிடைத்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் ஏறக்குறைய ஏழடி ஆழத்தில் 505 பொற்காசுகள் ஒரு பாத்திரத்தோடு வெளிவந்தன. எடை 1.716 கிலோ. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும் நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன. படையெடுப்புக் காலங்களில் திருமேனிகளை மண்ணில் மறைப்பதும் வேற்றூருக்குக் கொண்டு போவதும் நடந்திருக்கிறது. காஞ்சி வரதரே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் உடையார்பாளையம் போய், 1710இல்தான் திரும்பினார்.

இந்த மூன்று கண்டெடுப்புகளிலும் ஒரு பொதுச் செய்தி உண்டு. எதையும் மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிக்கவில்லை. கடப்பாரையும் மண்வெட்டியும்தான் கண்டுபிடித்தன. கருவி கையில் இருந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்குமா? விற்பனைப் பெட்டிகளில் அச்சிட்ட ஆழக் கணக்கை நம்பினால் தெரிந்திருக்கும். இயற்பியலை நம்பினால் திருவானைக்காவல் பாத்திரம் அநேகமாகத் தப்பியிருக்கும்.

கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அது எழுப்பும் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறிக்கொண்டே மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே காசு ஒன்று இருந்தால், மாறும் புலம் அந்தக் காசுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். காசின் உடலுக்குள்ளேயே வட்டமிட்டு ஓடுவதால் அதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். அந்தச் சுழலும் தன் பங்குக்கு ஒரு சின்னஞ்சிறு காந்தப்புலத்தை எழுப்பும். அதைத் தட்டிலுள்ள இன்னொரு சுருள் பிடித்து ஒலியாக்குகிறது. தங்கத்திடம் காந்தத்தன்மை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு கணம் அதைக் காந்தமாக்கி, அது தரும் பதிலை நாம் கேட்கிறோம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இந்த உத்தி புதிதும் அல்ல. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியைக் கொண்டு வந்தார். தொலைபேசியில் காதில் வைத்துக் கேட்கும் பகுதிதான் அதன் காது. கருவி வேலை செய்தது, ஆனால் குண்டு கிடைக்கவில்லை. மருத்துவர் வலப்பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. போதாததற்கு மெத்தைக்கு அடியில் எஃகு ஸ்பிரிங்குகள் இருந்து குழப்பின. தேடும் பொருளைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதே கருவியின் பெரிய எதிரி என்று முதல் பயன்பாட்டிலேயே தெரிந்துவிட்டது.

இனி ஆழத்துக்கு வருவோம். சுருளிலிருந்து இறங்கும் புலம், சுருளின் அகலத்தைத் தாண்டிய பிறகு, தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்று. காசு திருப்பி அனுப்பும் புலமும் மேலே வரும் வழியில் அதே கணக்கில் தேய்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறாம் அடுக்கு. காசு இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போனால் ஒலி அறுபத்து நான்கில் ஒன்றாகிறது. முப்பது சென்டிமீட்டரில் ஒரு காசைத் தட்டுத்தடுமாறிக் கேட்கும் நல்ல கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏழடி என்பது ஏறத்தாழ அதன் ஏழு மடங்கு. ஏழின் ஆறாம் அடுக்கு 1,17,649. அதே காசின் பதில் அங்கிருந்து வரும்போது ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் பங்கு மெலிந்திருக்கும்.

காசுகள் குவியலாக, பாத்திரத்தோடு இருந்தால்? உதவும்தான், ஆனால் நினைக்கிற அளவுக்கு உதவாது. பொருளின் பதில் அதன் அகலத்தின் மூன்றாம் அடுக்கில் வளர்கிறது. ஆழத்தில் தேய்வது ஆறாம் அடுக்கு. ஆகவே ஏழு மடங்கு ஆழத்தில் ஒரு பொருள் ஒலிக்க வேண்டுமானால் அது நாற்பத்தொன்பது மடங்கு அகலமாக இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் காசின் இடத்தில் ஒரு மீட்டர் அகல அண்டா வேண்டும். இரண்டு கிலோவுக்கும் குறைந்த காசுகள் கொள்ளும் பாத்திரம் அவ்வளவு பெரிதாக இருக்கத் தேவையில்லை. உத்திரமேரூர் நகைகளின் கதை வேறு. அவை படிக்கல்லுக்கு அடியில்தான் இருந்தன. கருங்கல் இந்தப் புலத்தைத் தடுக்காது. அங்கே யாராவது தட்டை வைத்திருந்தால் கேட்டிருக்க வாய்ப்புண்டு.

விலை கூடிய கருவிகள் என்ன செய்கின்றன? சுருளின் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஆழம் கூடுவது பன்னிரண்டு சதவீதம் மட்டுமே. இருபது சென்டிமீட்டர் இருபத்திரண்டரை ஆகும், அவ்வளவுதான். சுருளின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் பெரிய பொருள்களுக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே கிடைக்கும். ஆனால் பெரிய சுருள் மண்ணையும் அதிகமாகக் கேட்கும், மூக்குத்தி அளவுப் பொருள்களைத் தவறவிடும். காசு போன்ற பொருளுக்குச் சுருளின் விட்டம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவே ஆழம் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு மீட்டருக்குக் கீழே தேடவென்றே இரண்டு பெட்டிகளை நீண்ட தண்டின் இரு முனைகளில் பொருத்திய கருவிகள் உண்டு. அவை காசைக் காணவே காணா. குடம், பெட்டி அளவில் உள்ளதை மட்டும் காணும்.

மண் அலையை விழுங்கிவிடுவதால்தான் ஆழம் கிடைப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அதிர்வெண்களில் சாதாரண மண் புலத்தைப் பெரிதாக விழுங்குவதில்லை. மண் செய்யும் கெடுதல் வேறு: அது தானும் பதில் சொல்கிறது. ஆற்று மணலில் காந்தத்தை இழுத்துப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும், கருப்பாக மீசை முளைக்கும். அது மேக்னடைட் என்னும் இரும்புத் தாது. செம்மண்ணில் இதன் உறவான மேக்ஹெமைட் இருக்கலாம். காசின் மெல்லிய பதிலைவிட மண்ணின் பதில் பல மடங்கு உரத்தது. கருவி நல்லதா, சுமாரானதா என்பது பெரும்பாலும் இந்த இரைச்சலிலிருந்து காசைப் பிரித்தெடுக்கும் திறமையில்தான் இருக்கிறது.

அதற்கு உதவுவது நேர இடைவெளி. காந்தத் தாது புலத்தோடு ஒத்து உடனே அசைகிறது. வெள்ளி, செம்பு, தங்கத்தில் ஓடும் சுழல் மின்னோட்டம் சற்றுப் பின்தங்குகிறது. பின்தங்கும் அளவைப் பார்த்து இது மண், இது ஆணி, இது வெள்ளிக்காசு என்று கருவி ஊகிக்கிறது. மண்ணுக்குரிய அந்த ஒரு பதிலை மட்டும் மௌனமாக்கும் அமைப்புக்கு கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். உலோகம் இல்லாத இடம் பார்த்து, தட்டைத் தரைக்கு நேராக மேலும் கீழும் ஆட்டி, ஒலி மாறாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆற்று மணலில் செய்த அமைப்பு கரையேறிக் கொல்லை மண்ணுக்குப் போனதும் செல்லாது. மறுபடி செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான், பெரும்பாலான ஆழம் பறிபோவதும் இங்கேதான்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. அதைக் கடைசிவரை திருகி வைப்பவர்கள் ஆழம் கூடியதாக நம்புகிறார்கள். இரைச்சலோடு வரும் வானொலியில் ஒலியைக் கூட்டுவது போன்றது இது, பாட்டோடு கரகரப்பும் கூடும். மின்கம்பிகளும் விசைத்தறி மோட்டார்களும் உள்ள ஊரில் கருவி சும்மாவே பிதற்றும். பிதற்றல் அடங்கும் வரை குறைத்து, அடங்கிய இடத்தில் நிறுத்துவதே சரி. குறைத்து வைத்தும் அமைதியாக இருக்கும் கருவி, கூட்டி வைத்துப் பிதற்றும் கருவியைவிட ஆழமாகக் கேட்கும். தட்டைத் தரையோடு ஒட்டி ஓட்டுவதற்கும் இதே அளவு மதிப்புண்டு. இருபது சென்டிமீட்டரில் உள்ள பொருளைத் தேடும்போது கை சலித்துத் தட்டை ஐந்து சென்டிமீட்டர் தூக்கிவிட்டால், ஆறாம் அடுக்குக் கணக்குப்படி ஒலியில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விடும்.

வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனில் நான் மிகவும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். சிகரெட் பெட்டித் தாளும் சிறிய தங்க மோதிரமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிப் பதிலைத் தரக்கூடும். தாளை ஒதுக்கினால் மோதிரமும் ஒதுங்கும். தொலைந்த தாலிச் சங்கிலி இன்னும் கடினம். சுழல் மின்னோட்டத்துக்கு முழு வளையம் வேண்டும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகப் பதில் சொல்வதால், மூன்று பவுன் சங்கிலி ஒரு சிறு தோட்டை விடவும் மெலிதாக ஒலிக்கலாம். காஞ்சிப் பட்டின் ஜரிகையிலும் இதே காரணம் வேலை செய்கிறது. பட்டு நூல்மேல் சுற்றிய வெள்ளி இழை மிக மெல்லியது, சுழல் ஓட அகலம் இல்லை. அதே வெள்ளியை உருக்கிக் காசாக்கினால் உரக்க ஒலிக்கும். கருவி எடையைக் கேட்பதில்லை, வடிவத்தைத்தான் கேட்கிறது.

இன்னொரு வகை பல்ஸ் கருவி. அது புலத்தைச் சட்டென்று அணைத்துவிட்டு, சில மைக்ரோ நொடிகள் பொறுத்து, பிறகு எஞ்சியிருக்கும் சுழலைக் கேட்கிறது. பொறுக்கும் அந்த நேரத்தில் மண்ணின் பதிலில் பெரும்பங்கு அடங்கிவிடும். கடுமையான மண்ணிலும் உப்புக் கடற்கரையிலும் இது சிறந்தது. பொறுக்கும் நேரத்தைக் கூட்டினால் உப்புநீரின் சத்தம் போகும், கூடவே சிறு தங்கத்தின் பதிலும் போய்விடும். இரும்பையும் பொன்னையும் பிரித்துச் சொல்லும் திறமை இதற்குக் குறைவு.

இந்த அமைப்புகளைத் தமிழர்கள் உயிரைப் பணயம் வைத்து அறிந்த இடம் முகமாலை. வட இலங்கையில் போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை ஆண்டுக்கணக்காக அகற்றி வருகிறார்கள். அந்தப் பணியில் தமிழ்ப் பெண்கள் நிறைய, போரில் கணவரை இழந்தவர்களும் உண்டு. ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் அங்கே 2002 முதல் இயங்குகின்றன. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. புதைக்கப்பட்டவற்றில் பல பிளாஸ்டிக் உறை கொண்டவை. உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். ஆகவே அங்கே டிஸ்கிரிமினேஷனுக்கு இடமே இல்லை. ஷெல் சிதறலோ, ஆணியோ, ஒலித்த ஒவ்வொன்றையும் மண்டியிட்டுத் தோண்டிப் பார்த்தாக வேண்டும். வேலை தொடங்கும் முன் அறிந்த அளவு உலோகம் வைத்த சோதனைத் துண்டின்மேல் கருவியைப் பிடித்துச் சரிபார்க்கிறார்கள். ஆழம் பற்றி நம்பகமான தகவல் இல்லாதபோது சர்வதேசத் தரக்குறிப்பு முன்வைத்த அளவு 13 சென்டிமீட்டர். வாங்குபவர்கள் மீட்டர் கணக்கில் கேட்கும் உலகில், மிகத் திறமையானவர்கள் உறுதி தரத் துணிந்தது ஒரு சாண் கூட இல்லை.

கண்ணிவெடி அகற்றுபவர்களுக்காக உருவான சோதனை முறையே கருவிகளை ஒப்பிட இன்றும் சிறந்த வழி. 2003இல் ஐரோப்பாவில் வெளியான சிடபிள்யூஏ 14747 என்னும் ஆவணம் அதை வகுத்தது. காற்றில் காசைக் காட்டி அளப்பதோடு அது நிற்காது. வெவ்வேறு மண்ணில், வெவ்வேறு ஆழத்தில் பொருள்களைப் புதைத்து, எங்கே இருக்கிறது என்று தெரியாதவரிடம் கருவியைக் கொடுத்துத் தேடச் சொல்லும். மண்ணின் கடுமையை அளக்கவும் எளிய வழி கண்டார்கள். குறிப்பிட்ட விதத்தில் அமைத்த ஒரு கருவியைத் தரையை நோக்கி இறக்கிக்கொண்டே வந்து, உலோகமே இல்லாத மண் எந்த உயரத்தில் ஒலிக்கத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். உயரம் கூடக் கூட மண் பொல்லாதது.

செவிலிமேட்டு மண்ணில் இரண்டு கருவிகளை ஒப்பிட நினைப்பவர் சொந்தக் கொல்லையில் இதைச் செய்யலாம். கோயில் அருகே கூடாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டர் தடைப் பகுதி. தொல்பொருள் தேடித் தோண்டவும் அனுமதி வேண்டும். மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். ஆண்டெனா போல நீட்டிப் பிடித்து நூறு மீட்டர் தொலைவிலுள்ள தங்கத்தைக் காட்டுவதாக விற்கப்படுவதை யாரும் வாங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். அந்த வகையில் வெடிகுண்டு காட்டுவதாக ஈராக்குக்கு விற்ற ஒருவருக்கு 2013இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அவர் விற்றதற்குள் வேலை செய்யும் எதுவும் இல்லை. அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் இறந்தார்கள்.

கொல்லையில் முதலில் ஒரு சுற்று தேடி, பழைய ஆணி எல்லாம் பொறுக்கிவிடுங்கள். ஒரே மாதிரி நாணயங்களைப் பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டரில், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டுப் புதையுங்கள். வெறுமனே தோண்டி மூடிய குழிகளும் சில இருக்கட்டும், கருவி பொய் சொல்கிறதா என்று அவைதான் காட்டும். ஒரு கருவி அங்கே இருக்கையில் இன்னொன்று அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும். இடம் அறியாத ஒருவர் தேடட்டும். கண்டதையும் பொய்யாக ஒலித்ததையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். நாணயங்களை எடுத்துவிடாமல் ஒரு பருவம் விட்டுவையுங்கள். தோண்டிய மண் இறுகி, மழை பெய்து ஈரம் ஏறிய பிறகு அதே சோதனையை மறுபடி செய்தால், இரு கருவிகளின் வரிசை மாறிப்போகவும் கூடும்.