வாயிற்காவலும் வரிசைமுறையும்

பல கணினிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்பு வலையமைப்பு எனப்படும். அதன் நடுவே நின்று, வரும் செய்தியை உரிய கணினிக்கு அனுப்பும் கருவி சுவிட்ச் ஆகும். இயல்பாக இக்கருவி, செய்தி எங்கே செல்ல வேண்டும் என்று மட்டுமே பார்க்கும். செல்லலாமா என்று பாராது. அவ்வினாவையும் எழுப்பச் செய்வதே அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல். இதனை ‘ஏசிஎல்’ என்று சுருங்க வழங்குவர்.

எதனைப் பார்க்கிறது?

கணினிச் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்லும். ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, எச்சேவைக்குரியது எனக் காட்டும் போர்ட் எண் ஆகியன இருக்கும். இணையப் பக்கங்களுக்கு 80, 443 என்பன போல இவ்வெண்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. பட்டியலின் ஒவ்வொரு வரியும் இவற்றுள் சிலவற்றைச் சுட்டி, ‘அனுமதி’ அல்லது ‘மறு’ என ஆணையிடும். உறையின்மேல் உள்ளதைப் படிக்குமேயன்றி, உள்ளிருக்கும் மடலைப் படிக்காது.

வரிசையே பொருள்

சுவிட்ச் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் வரி எதுவோ அதன்படி நடக்கும். அடுத்த வரிகளை நோக்காது. எவ்வரியும் பொருந்தாவிடின் மறுத்துவிடும். இவ்விறுதி மறுப்பு, பெரும்பாலான சுவிட்சுகளில் எழுதப்பெறாமலே உள்ளுறைந்து நிற்பதாகும்.

இலக்கணம் பயின்றார்க்கு இது புதுமையாகத் தோன்றும். உயிரீற்றின்முன் க, ச, த, ப மிகும் எனப் பொதுவாக விதித்த நன்னூலார், பெயரெச்சம் முதலியவற்றின்முன் மிகாது எனப் பின்னர் விலக்குகிறார். ‘வந்த குதிரை’ என நாம் பிழையின்றி எழுதுவது, பின்வந்த நூற்பாவையும் கற்றதனாலன்றோ? சுவிட்சோ, பொருந்திய முதல் நூற்பாவோடு சுவடியைக் கட்டிவிடும் மாணாக்கன்! அதற்குச் சிறப்புவிதியை முன்னும் பொதுவிதியைப் பின்னும் வைத்தல் வேண்டும்.

ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்து முகவரிகள் யாவும் 192.168.10 எனத் தொடங்குவன எனக் கொள்வோம். அவை மதிப்பெண் கணினியை அணுகலாகாது, ஆசிரியருக்குரிய 192.168.10.7 மட்டும் அணுகலாம். இதற்கான பட்டியல் வருமாறு:

1. 192.168.10.7 மதிப்பெண் கணினிக்குச் செல்ல அனுமதி.
2. 192.168.10 எனத் தொடங்குவன அக்கணினிக்குச் செல்ல மறு.
3. ஏனைய அனைத்தும் அனுமதி.

முதலிரு வரிகள் இடம் மாறின் ஆசிரியரும் தடுக்கப்படுவார். மூன்றாம் வரி விடுபடின் கூடத்தின் ஏனைய தொடர்புகள் யாவும் அறுபடும். அதுவே தலைவரியாயின் காவல் இருந்தும் இல்லாததாகும்.

எங்கே நிறுத்துவது?

2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்னும் கணினிப்புழு, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் மென்பொருளில் இருந்த குறையின் வழியே, 1434 என்னும் போர்ட் எண்ணைப் பற்றிப் பரவியது. அதற்கு இலக்காகத்தக்க கணினிகளுள் ஏறத்தாழ 90 விழுக்காடு 10 நிமிடங்களில் வீழ்ந்தன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில், பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கணினியமைப்பு 5 மணி நேரத்திற்குச் சற்றே குறைவாகச் செயலிழந்தது. அணுவுலை அப்போது நிறுத்தப்பட்டிருந்தது நல்லூழே. நிலையத்தின் தலைவாயில் தடுப்பு 1434ஐ மறுத்தே நின்றது. புழுவோ ஒப்பந்த நிறுவனமொன்றின் தனி இணைப்பு வழியே, அத்தடுப்பைக் காணாமலே உட்புகுந்தது.

தலைவாயிலில் மட்டும் காவல் இருப்பது போதாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. உள்ளிருக்கும் சுவிட்சுகளின் ஒவ்வோர் இணைப்பு வாயிலும் பட்டியலைப் பொருத்த இயலும் என்பதே அவற்றின் தனிச்சிறப்பு. பொய்ம்முகவரி தாங்கி வருவதையும், அனுமதித்த வழியிலேயே வரும் தீங்கையும் இப்பட்டியல் முற்றும் அறியாது. அதற்கு வேறு காவல்களும் வேண்டும். ஆயினும் எவ்வழிகள் திறந்துள்ளன என அறிந்து, ஒவ்வொன்றிலும் முறைப்படி வரிசைப்படுத்திய சில வரிகள் நின்றால், ஓரிடத்துப் புகுந்த கேடு மற்றோரிடம் பரவாமல் தடுக்கலாம்.