ஐந்து பெரிதா, நான்கு பெரிதா?

திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா காலத்து மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் வீட்டில் ஓடுகிறதாம். சொர்ணவாரி உழவுக்கு முன் கியர் ஆயில் மாற்றலாம் என்று போனால், கடைக்காரர் "ஜிஎல்-4 எல்லாம் பழசு சார், ஜிஎல்-5 போடுங்க" என்று விலை கூடிய டப்பாவை எடுத்து வைத்திருக்கிறார். மெக்கானிக்கோ "எதுவானா என்ன, 90 ஆயில்தானே" என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே இல்லை.

முதலில் அந்த 90. எஞ்சினுக்கு 40, கியருக்கு 90 என்றால் கியர் ஆயில் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று ஊரில் ஒரு நம்பிக்கை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். சட்டை நம்பரையும் செருப்பு நம்பரையும் ஒப்பிடுவது போலத்தான். 100 டிகிரி செல்சியஸில் அளந்தால் 90 கியர் ஆயிலின் பாகுநிலை ஏறக்குறைய 40, 50 எஞ்சின் ஆயில்களை ஒட்டித்தான் நிற்கும். டப்பாவில் 80டபிள்யூ-90 என்று இருந்தால், 80டபிள்யூ என்பது மைனஸ் 26 டிகிரிக் குளிரில் நடத்தும் சோதனை. 75டபிள்யூ என்றால் மைனஸ் 40. செங்கல்பட்டில் மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்துகிறோம், சரி. அதற்காக சைபீரியாவுக்கான சிந்தெடிக் எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து அந்த 4, 5. இது தரவரிசை இல்லை. எந்த வேலைக்கு எந்த எண்ணெய் என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் ஒட்டிய சீட்டு. இதைப் புரிந்துகொள்ள இரண்டு கியர் பற்களுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். எனக்குப் பிடித்த இடமும் அதுதான்.

பல்லும் பல்லும் அழுந்தும் இடம் ஒரு மெல்லிய கோடு. அங்கே அழுத்தம் பத்தாயிரம் வளிமண்டலத்தை எட்டும். எண்ணெய் பிதுங்கி ஓடிவிடும் என்றுதானே நினைப்போம்? ஓடுவதில்லை. அந்த அழுத்தத்தில் எண்ணெய் கிட்டத்தட்டத் திடப்பொருளாக இறுகுகிறது. மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் நின்றுகொண்டு இரும்பை இரும்பு தொடவிடாமல் தாங்குகிறது. பல் விலகியதும் மறுபடி திரவம். ஆனால் வேகம் இருக்கும்வரைதான் இந்த வித்தை. கேஜ் வீல் மாட்டி, முதல் கியரில், முழங்கால் சேற்றில் திணறும்போது வேகம் குறைவு, பாரம் அதிகம். படலம் கிழிகிறது. இரும்பின் நுண்ணிய முகடுகள் நேருக்கு நேர் உரசி, கண நேரத்துக்குச் சில நூறு டிகிரி சூடாகி, ஒட்டிப் பிய்கின்றன.

அந்தச் சூட்டுக்காகத்தான் கியர் ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் காத்திருக்கின்றன. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம் வருமே, அது இந்தக் கந்தகம்தான். சூடு ஏறிய அதே புள்ளியில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து இரும்பு சல்பைடு படலமாகப் படிகிறது. எளிதில் வழுகும் படலம். அடுத்த உரசலில் இரும்புக்குப் பதில் அது தேய்கிறது. தேய்ந்த இடத்தில் சூடு ஏறினால் மறுபடி படிகிறது. எங்கே காயமோ அங்கே மட்டும் மருந்து, அதுவும் காயம் உண்டாக்கும் சூட்டிலேயே காய்ச்சியது.

வீட்டில் இதற்கு உறவுக்காரன் தோசைக்கல். புதுக் கல்லில் முதல் தோசை பிய்ந்துதான் வரும். எண்ணெய் தடவிச் சூடேற்றச் சூடேற்ற இரும்பின் மேல் ஒரு கரும்படலம் படிந்து, கல் பழகுகிறது. திருப்பியால் சுரண்டச் சுரண்டக் கொஞ்சம் போகும். வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்தால் திரும்ப வரும். பின் அச்சின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைக் கல்லாகவும், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனைத் தோசைத் திருப்பியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கல் பழகிக்கொண்டே இருக்கிறது. வெங்காயம் எது, தோசை எது என்று கேட்டு எழுதாதீர்கள். உவமையை இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறேன்.

வரலாறு வேண்டுமென்றால் ஒரு பத்தி. 1926-இல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்கள் ஹைப்பாய்டு கியரைக் கொண்டுவந்தன. பினியன் நடுமையத்துக்குக் கீழே இறங்கியதால் பல்லோடு பல் வழுக்கல் அதிகமானது. சாதா எண்ணெய் தாங்கவில்லை. அந்த வேலைக்கு வந்த கந்தக எண்ணெய்களின் வாரிசு ஜிஎல்-5. அதில் இந்த மருந்து ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நம் 1035-இன் கதை வேறு. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம், மாஸி ஃபெர்குசன் 35-இன் வழியில் உருவாக்கியது அது. அந்த 35-இன் பின் அச்சில் இருப்பது பினியன் நடுமையத்திலேயே நிற்கிற ஸ்பைரல் பெவல், ஹைப்பாய்டு இல்லை. இரட்டை டோஸ் கேட்கிற நோய் அதற்குக் கிடையாது.

தேவையில்லாத மருந்து பக்க விளைவு தரலாம். பழைய கியர் பெட்டிகளில் வெண்கல, பித்தளைப் புஷ்களும் வாஷர்களும் உண்டு. கந்தகத்துக்கு இரும்பைவிடச் செம்பின் மேல் ஆசை அதிகம். வெள்ளிக் கொலுசு கறுக்கிற மாதிரி, கொதிக்கக்கூட வேண்டாம், செம்பும் கறுத்து அரிக்கும். இன்றைய நல்ல ஜிஎல்-5 எண்ணெய்களில் இதற்குத் தடுப்பு சேர்க்கிறார்கள். மெருகேற்றிய செம்புத் துண்டை 121 டிகிரி எண்ணெயில் 3 மணி நேரம் போட்டு எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆகவே "ஜிஎல்-5 ஊத்தினா கியர் பாக்ஸ் காலி" என்று பயமுறுத்துவதும் மிகைதான். ஆனால் கூடுதல் காசு கொடுத்து அந்தச் சந்தேகத்தை எதற்கு வாங்க வேண்டும்?

"140 ஊத்துங்க, சத்தம் அடங்கிடும்" என்ற யோசனையும் வரும். சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. மேலும் ஃபெர்குசன் வடிவமைப்பில் ஹைட்ராலிக் பம்ப் கியர் பெட்டிக்கு உள்ளேயே உட்கார்ந்து, கியர் குளிக்கிற அதே சுமார் 30 லிட்டர் எண்ணெயைத்தான் குடிக்கிறது. கெட்டி எண்ணெய் ஊற்றினால் காலையில் கலப்பை எழும்ப மறுக்கும். பிரேக்கும் எண்ணெயில் மூழ்கியிருக்கிற பிற்கால டிராக்டர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அதற்குரிய டிராக்டர் எண்ணெய் தனி, கையேட்டைப் பாருங்கள்.

உண்மையில் இந்தப் பக்கத்துப் பழைய டிராக்டர்களுக்கு எமன் தண்ணீர். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் சேறடித்தாலும், மாமல்லபுரம் ஓரத்துக் குப்பத்தில் படகைக் கரையேற்ற அலைக்குள் பின்னால் இறக்கினாலும் நடப்பது ஒன்றே. சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்குகிறது. தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. எண்ணெய் மோர் நிறமாகிறது. கடல் நீரென்றால் உப்பும் சேர்ந்து பேரிங்கைத் தின்னும். இதை ஜிஎல் எந்த நம்பரும் தடுக்காது.

ஆகவே திருக்கழுக்குன்றத்து நண்பருக்கு: கையேடு கியர் ஆயில் 90 என்று சொன்னால் ஜிஎல்-4 வாங்குங்கள். ஊற்றுவதற்கு முன், இரவு முழுக்க வண்டியை அசைக்காமல் விட்டு, காலையில் டிரெய்ன் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் வரும். வந்தால், டப்பாவில் மிச்சமான காசுக்கு ஆக்சில் சீல் ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள்.