மூங்கிலில் கிடைத்த குழந்தை

இன்று கிடைக்கும் ஜப்பானிய உரைநடைக் கதைகளுள் மிகப் பழையது ‘மூங்கில் வெட்டியின் கதை’ ஆகும். இஃது ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கெஞ்சி கதை’யை இயற்றிய முராசாகி ஷிகிபு என்னும் பெண்மணி, கதைகளுக்கெல்லாம் மூதாதை என இதனைக் குறிப்பிடுகிறார். 17ஆம் நூற்றாண்டில் இக்கதை அழகிய வண்ணப் படங்களுடன் சுருள்களாகவும் நூல்களாகவும் உருவாயிற்று.

முதியவர் ஒருவர் மூங்கில் வெட்டி வாழ்ந்து வந்தார். ஒருநாள் மூங்கில் ஒன்றின் அடிப்பகுதி மட்டும் ஒளிர்வதைக் கண்டார். அதனுள் ஏறத்தாழ 9 செ.மீ. உயரமே உள்ள பெண்குழந்தை இருந்தது. அவர் அதனைக் கையில் ஏந்தி வீட்டிற்குக் கொண்டுவந்தார். குழந்தை மிகச் சிறியதாக இருந்தமையால், அவர்தம் மனைவி அதனைக் கூடையில் வைத்து வளர்த்தார். மூன்றே திங்களில் குழந்தை வளர்ந்து மங்கையானாள். அவளுக்குக் ககுயா இளவரசி என்னும் பெயர் அமைந்தது.

உயர்குடியினர் ஐவர் அவளை மணக்க விரும்பினர். அவளோ ஒவ்வொருவரிடமும் கிடைத்தற்கரிய பொருள் ஒன்றைக் கேட்டாள். ஒருவர், மணிகள் பதித்த பொற்கிளை ஒன்றைக் கைவினைஞரைக் கொண்டு செய்வித்து, தொலைவிலுள்ள தெய்வமலையிலிருந்து கொணர்ந்ததாகக் கூறினார். அந்நேரம் கைவினைஞர்கள் கூலி கேட்டு வந்து நிற்கவே, அவர் குட்டு வெளிப்பட்டது! ஐவரும் தோற்றனர்.

சில ஆண்டுகள் கழிந்தபின், நிலவைக் காணுந்தோறும் அவள் கண்ணீர் வடித்தாள். தான் நிலவுலகைச் சேர்ந்தவள் என்றும், முழுநிலவு நாளில் அங்கிருந்து தன்னை அழைத்துச் செல்ல வருவர் என்றும் கூறினாள். அங்குள்ள பெற்றோரை அவள் நினைவில் கொண்டிருக்கவில்லை; வளர்த்தவர்களைப் பிரிவதே அவளை வருத்தியது. அரசர் ஈராயிரம் வீரரைக் காவலுக்கு அனுப்பியும் பயனில்லை.

நிலவுலகத்தார் இறகாடை ஒன்றைக் கொணர்ந்தனர். அதனை அணிந்தவர் மனம் மாறிவிடும். மண்ணுலகக் கவலை எதுவும் அவர்க்கு இராது. அவர்கள் விரைவுபடுத்தினர். அவளோ பொறுக்குமாறு கூறிக் கடிதம் எழுதினாள். தான் களைந்து வைக்கும் ஆடையை நினைவுப்பொருளாகக் கொள்ளுமாறும், நிலவு தோன்றும் இரவுகளில் தன்னை நோக்குமாறும் வளர்த்தவர்களை வேண்டினாள். அரசர்க்கும் ஒரு கடிதம் எழுதினாள். அதன்பின்பே இறகாடை அவள்மேல் போர்த்தப்பட்டது.

தான் மறக்கப்போவதை அவள் அறிந்திருந்தாள். எனவே, மறக்குமுன் தன் அன்பை எழுத்தில் வைத்துச் சென்றாள். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நமக்கும் இது பொருந்தும். பாட்டி சொன்ன கதை, ஊர்க்குளத்தின் பெயர், தாத்தா அழைக்கும் செல்லப்பெயர் ஆகியவை நாளடைவில் மங்கக்கூடும். இப்போதே எழுதி வைத்தால் அவை நம்மிடம் இருக்கும்.

சொற்பொருள்
திங்கள் – மாதம். மங்கை – இளம்பெண். குட்டு – மறைத்து வைத்த செய்தி. களைதல் – நீக்குதல்

பயிற்சி
1. குழந்தையைக் கூடையில் வைத்து வளர்த்தது ஏன்?
2. பொற்கிளை பற்றிய பொய் எவ்வாறு வெளிப்பட்டது?
3. ககுயா இளவரசி இறகாடை அணியுமுன் கடிதம் எழுதியது ஏன்? உம் சொற்களில் எழுதுக.
4. ஊரிலுள்ள உம் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தமிழில் ஐந்து வரிகளில் கடிதம் எழுதி அனுப்புக.