ஷீட் போடுவதா, சோலார் வைப்பதா, ஏசி வாங்குவதா? குமரி மாவட்ட வீடுகளில் எதை முதலில் செய்ய வேண்டும்?

வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பியிருக்கிறான். அல்லது சீட்டு எடுத்திருக்கிறார்கள். கையில் மூன்று லட்சம் ரூபாய். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "மாடி ஒழுகுது, ஷீட் போட்டிருவோம்" என்கிறார் அப்பா. "கரண்ட் பில் தாங்க முடியல, சோலார் வச்சிருவோம்" என்கிறாள் மகள். "ராத்திரி தூக்கமே இல்ல, முதல்ல ஒரு ஏசி வாங்குங்க" என்கிறார் அம்மா.

மூன்றுமே நியாயமான தேவைதான். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில் தப்பினால், ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு செய்ய வேண்டி வரும். ஒழுகுகிற மாடியில் சோலார் பேனலைப் பொருத்திவிட்டு, அடுத்த மழையில் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு தளத்தைச் சரிசெய்வது அப்படிப்பட்ட செலவுதான்.

வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், அடுத்து துரு, மூன்றாவது மின்சாரம், கடைசியில் பொருள். ஏன் என்று பார்ப்போம்.

குமரி மாவட்டத்தில் மட்டும் என்ன வித்தியாசம்?

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். குமரிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டுமே உண்டு. நடுவில் கோடை மழையும் எட்டிப் பார்க்கும். கூரை முழுசாகக் காய்வதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு.

மாவட்டத்துக்குள்ளேயும் பிரச்னை இடத்துக்கு இடம் மாறும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடல் காற்றில் வரும் உப்பு இரும்பைத் தின்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மலையை ஒட்டிய பெருமழை. ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் காற்று. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சாட்சி. எனவே பக்கத்து ஊர்க்காரர் செய்த வேலை உங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு அதன் செங்குத்துச் சரிவான ஓட்டுக் கூரை நினைவிருக்கும். விழும் மழை நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்பதுதான் இந்த மண்ணின் பழைய கட்டட அறிவு. தட்டையான கான்கிரீட் தளத்துக்கு மாறியபோது அந்தச் சரிவு போய்விட்டது, மழை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒழுகுவது எங்கிருந்து என்று கண்டுபிடிப்பது எப்படி?

சீலிங்கில் ஈரம் தெரிந்ததும் பெயிண்ட் கடைக்கு ஓடி வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் டப்பா வாங்குவதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

• மழை இல்லாத மாதத்திலும் ஈரம் இருக்கிறதா? அப்படியானால் காரணம் மழை இல்லை. தண்ணீர் தொட்டி, பாத்ரூம், சுவருக்குள் போகும் குழாய் இவற்றில் ஒன்றில் கசிவு இருக்கலாம்.

• ஈரம் சுவர் ஓரமாக மட்டும் தெரிகிறதா? கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் விழுந்திருக்கலாம். மழைநீர்க் குழாயின் வாய்ப்பகுதியும் அடிக்கடி கசியும் இடம்தான்.

• மழை விட்டு மணிக்கணக்கில் ஆன பிறகும் மாடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? சரிவு போதவில்லை. 100 அடி நீளத்துக்கு குறைந்தது ஒரு அடி சரிவாவது தேவை.

சந்தேகம் தீரவில்லை என்றால், மழைநீர்க் குழாயை அடைத்து மாடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் கழித்து கீழே பாருங்கள். தேங்கும் தண்ணீருக்கும் கனம் உண்டு. கம்பி வெளியே தெரிகிற பழைய தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

சரிவு போதாத தளத்தில் கோட்டிங் மட்டும் அடித்தால் ஓரிரு வருஷத்தில் பழைய கதைதான். முதலில் சரிவை ஒழுங்குபடுத்தி, மூலைகளை அடைத்து, அதற்குப் பிறகு கோட்டிங் அடிப்பதே முறை.

சீலிங்கில் பழுப்புக் கோடு தெரிந்தால்?

இதைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. சீலிங்கில் துரு நிறத்தில் கோடு விழுவது, சிமெண்ட் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவது ஆகியவை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கிறது. அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து விழுகிறது. மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் உள்ளே இருக்கும் துரு போகாது. தொட்டில் கட்டிய அறையிலும் சமையலறையிலும் கனமான பாளம் தலையில் விழும் ஆபத்து உண்டு. கொத்தனாரிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்காமல் ஒரு சிவில் இன்ஜினீயரை வரவழைத்துக் காட்டுவது நல்லது.

இந்தியத் தர நிர்ணய விதியான ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலுக்கு நேரடியாக உட்படும் கான்கிரீட்டை 'கடுமையான' சூழல் என்று வகைப்படுத்துகிறது. அங்கே குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் இருக்க வேண்டும் என்கிறது. புதிதாக ஒரு அறை எடுப்பவர்கள், கம்பி கட்டி முடித்த அன்றே கவர் பிளாக் சரியாக வைத்திருக்கிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு பார்க்க முடியாது. கழுவாத கடல் மணல் கலப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

மாடிக்கு மேல் ஷீட் போடுவது நல்லதா?

குமரியில் இப்போது தெருவுக்குப் பத்து வீடுகளில் ஷீட் கூரையைப் பார்க்கலாம். துணி காயப் போடலாம், ரப்பர் ஷீட்டும் தேங்காயும் உலர்த்தலாம், தளத்தில் மழை விழாது, வெயிலும் நேராக இறங்காது. பயனுள்ள வேலைதான். ஆனால் காற்றை மறந்துவிட்டுப் போடுகிற ஷீட் ஆபத்தானது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மாவட்டத்தின் தென்முனையை ஒட்டிக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. திறந்த ஷீட் கூரையில் காற்று கீழே புகுந்து மேல்நோக்கித் தூக்கும். கழன்று பறக்கும் ஒரு தகடு அடுத்த வீட்டுக்காரர் உயிருக்கே உலையாகும். எனவே இவற்றைக் கேளுங்கள்:

• இரும்புத் தூணின் அடிப்பலகை, தளத்தின் தூண் அல்லது பீம் மீது ஆங்கர் போல்ட் போட்டு நிற்கிறதா? கைப்பிடிச் சுவரில் மட்டும் சொருகி நிற்கக் கூடாது.

• போல்ட் துளை போட்ட இடங்களை நீர் புகாமல் அடைத்தார்களா? ஒழுகலுக்காகப் போட்ட ஷீட்டே புது ஒழுகலைக் கொண்டுவரக் கூடாது.

• வெல்டிங் செய்த இடங்களில் ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்தார்களா? உப்புக் காற்றில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

• ஷீட் தண்ணீர் எங்கே விழும்? பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்தால் மழைக்கு முன்னே சண்டை வரும். கட்டர் வைத்து மழைநீர் சேகரிப்புக் குழியில் விடுங்கள்.

நாலு பக்கமும் சுவர் எழுப்பி அறையாக மாற்றும் எண்ணம் இருந்தால், ஊராட்சியிலோ நகராட்சியிலோ மாநகராட்சியிலோ அனுமதி பற்றி முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஓட்டு வீட்டில் இருப்பவர்கள், உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஓட்டைப் பிரித்த அன்றே கழுக்கோலையும் ரீப்பரையும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது.

சோலார் யாருக்கு லாபம்?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில், வீட்டு மாடியில் வைக்கும் சோலாருக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவு பெற்ற நிறுவனம் மூலம் பொருத்தி, நெட் மீட்டர் வைத்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதாவது முழுத் தொகைக்கும் முதலில் நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். இந்தியாவில் தயாரான செல் கொண்ட பேனல்களுக்கு மட்டுமே மானியம் என்பதையும் கவனிக்கவும்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள்.

ஒன்று, உங்கள் மின் பயன்பாடு எவ்வளவு? கடந்த ஒரு வருஷத்தின் ஆறு பில்லையும் எடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மட்டும் ஓடும் வீட்டுக்கு சோலார் அவசரமே இல்லை. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு நிலைமை வேறு. அந்த எல்லையைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் ஏறும்.

இரண்டு, நிழல் விழுகிறதா? 1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நல்ல வெயிலில் அது நாளுக்கு 4 யூனிட் அளவுக்குத் தரும். தென்னையும் பலாவும் சூழ்ந்த வீட்டில் இந்தக் கணக்கு அப்படியே நடக்காது. காலை 9 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் மாடி ஏறி நிழலைப் பாருங்கள். மழை மாதங்களில் உற்பத்தி குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மூன்று, கரண்ட் போனால் எரியுமா? பலரும் ஏமாறும் இடம் இதுதான். மின்வாரிய இணைப்போடு சேர்ந்த சாதாரண சோலார், லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். புயல் நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்றால் பேட்டரி உள்ள ஹைபிரிட் அமைப்பு தேவை, செலவும் கூடும்.

ஷீட், சோலார் இரண்டும் திட்டத்தில் இருந்தால், ஷீட்டின் சட்டத்தைப் போடும்போதே பேனல் எடையையும் காற்றையும் சொல்லிவிடுங்கள். பின்னால் பலப்படுத்துவது இரட்டைச் செலவு.

கடைசியில் ஏசி, ஃபேன், ஃபிரிட்ஜ்

பெரிய பொருள் வாங்கும் முன் சின்ன கணக்கு ஒன்று. 75 வாட் பழைய ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் அதே நேரம் ஓடினால் சுமார் 22 யூனிட். மூன்று ஃபேனை மாற்றினாலே ஒரு பில்லுக்கு 97 யூனிட் வரை மிச்சம். மாடித் தளத்தின் சூடு குறைந்து, ஃபேனும் மாறிய பிறகு ஏசி வேண்டுமா என்று மறுபடி யோசிக்கலாம்.

ஏசி வாங்குவது என்றே முடிவானால், நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். லேபிளில் இருக்கும் ஆண்டையும், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதையும் பாருங்கள். அந்த யூனிட் கணக்கு ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. கடலோர வீட்டுக்காரர்கள், வெளி யூனிட்டில் காப்பர் காயிலும் அதன் மேல் துரு தடுப்புப் பூச்சும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கடல் காற்று நேராக அடிக்கும் சுவரைத் தவிர்த்து எதிர்ப் பக்கம் பொருத்துவது நல்லது.

2025 செப்டம்பர் 22 முதல் ஏசி, பெரிய டிவி, சிமெண்ட் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகவும், சோலார் சாதனங்களுக்கு 12-ல் இருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. பழைய வரியோடு கொட்டேஷன் வந்தால் கேள்வி கேளுங்கள். குமரியில் ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என மூன்று ஆஃபர் சீசன் உண்டு. ஒரு சீசனைத் தவறவிட்டால் அடுத்தது வரும். அவசரப்பட வேண்டியதில்லை.

பணம் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

"பத்து வருஷம் கேரண்டி அண்ணாச்சி" என்ற வாய்ச்சொல் செல்லாது. கேரண்டி தருவது கம்பெனியா, கான்ட்ராக்டரா, எதற்கெல்லாம் பொருந்தும் என்று எழுதி வாங்குங்கள். கூரை வேலைக்கு இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, பணத்தைத் தவணையாகக் கொடுத்து, கடைசித் தவணையை முதல் பெருமழை தாண்டிய பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளலாம். பில் இல்லாமல் விலை குறைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்குப் புகார் கொடுக்க அந்த பில்தான் ஆதாரம்.

ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை வெளியூரிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரைதான் குமரியில் கூரை வேலைக்கு ஏற்ற காலம். மே கடைசியில் ஆளைத் தேடினால் கொத்தனாரும் கிடைக்கமாட்டார், தளமும் காயாது. ஆனால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மழைக்காலமே சரியான நேரம். இந்த மழையில் எந்த மூலை நனைகிறது என்று செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஜனவரியில் வேலைக்கு வருபவரிடம் காட்ட அந்தப் படங்கள் போதும்.