ஒரு தோல்விக்கு எவ்வளவு விலை? கிரிக்கெட் அணிகளின் தரவரிசை கணக்கிடப்படுவது எப்படி?

சாங்வி (புணே): புணேயின் சாங்வி பகுதிக்கு வடமேற்கே உள்ள கஹுஞ்சே மைதானத்தில் 2024, அக்டோபர் 26-இல் நியூஸிலாந்திடம் 113 ரன்கள் வித்தியாசத்தில் இந்தியா தோல்வியடைந்தது. சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை வென்றிருந்த இந்தியாவின் 12 ஆண்டுகால ஆதிக்கம் அத்துடன் முடிவுக்கு வந்தது. மும்பை டெஸ்டிலும் தோற்றதால், தொடரை 0-3 என இழந்தது.

இத்தகைய தோல்வி தரவரிசையை எவ்வாறு பாதிக்கிறது?

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) முறைப்படி, ஓர் அணி ஈட்டிய மொத்தப் புள்ளிகளை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே அதன் மதிப்பீடு. எனவே, அதிக ஆட்டங்களில் விளையாடுவதால் மட்டும் முன்னேற முடியாது.

இரு அணிகளின் மதிப்பீட்டு வித்தியாசம் 40-க்கும் குறைவாக இருந்தால், வென்ற அணிக்கு எதிரணியின் மதிப்பீட்டுடன் 50 கூட்டியும், தோற்ற அணிக்கு 50 கழித்தும் புள்ளிகள் வழங்கப்படும். உதாரணமாக, 120 மதிப்பீடு கொண்ட அணியை 100 மதிப்பீடு கொண்ட அணி வீழ்த்தினால், வென்ற அணிக்கு 170 புள்ளிகளும், தோற்ற அணிக்கு 50 புள்ளிகளும் கிடைக்கும். வலுவான அணியே வென்றிருந்தால் அதற்கு 150 மட்டுமே.

வித்தியாசம் 40 அல்லது அதற்கு மேல் எனில், வலுவான அணி வென்றாலும் தனது மதிப்பீட்டைவிட 10 புள்ளிகளே கூடுதலாகப் பெறும். தோற்றால் 90 குறைவாகப் பெறும்.

டெஸ்டில் தொடரின் முடிவும் கூடுதலாக ஓர் ஆட்டத்துக்கு இணையாகச் சேர்க்கப்படும். அதாவது, 3 ஆட்டங்கள் கொண்ட தொடரை முழுமையாக இழந்த அணியின் கணக்கில் 4 தோல்விகள் பதிவாகும்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் பழைய முடிவுகள் நீக்கப்படுகின்றன. அப்போது கடைசி ஓராண்டு முடிவுகளுக்கு முழு மதிப்பும், அதற்கு முந்தைய இரு ஆண்டுகளுக்கு பாதி மதிப்பும் அளிக்கப்படும். இதனால், விளையாடாமலேயே ஓர் அணியின் இடம் மாறக்கூடும்.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டியல் இதிலிருந்து வேறுபட்டது. அதில் எதிரணியின் பலம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. வெற்றிக்கு 12, டிராவுக்கு 4 புள்ளிகள் வழங்கப்பட்டு, சதவீத அடிப்படையில் இடம் நிர்ணயிக்கப்படுகிறது. நியூஸிலாந்து தொடருக்குப் பின் அப்பட்டியலில் முதலிடத்தை ஆஸ்திரேலியாவிடம் இழந்த இந்தியா, 2025 இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெறவில்லை.

தரவரிசை வெறும் பெருமைக்கானது அல்ல. 2027 ஒருநாள் உலகக் கோப்பைக்கு, போட்டியை நடத்தும் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே தவிர்த்து, தரவரிசையில் முன்னிலை பெறும் 8 அணிகளே நேரடியாகத் தகுதி பெறும்.