உங்களுக்குத் தெரியுமா? ஏறினால் இறங்காத எழுத்து

எந்த ஊரானாலும், கைப்பேசித் தமிழுக்கு அடிப்படை யூனிகோடு பட்டியல்தான். அதில் ஓர் எழுத்து ஏறிவிட்டால், தவறாகவே ஏறியிருந்தாலும், நீக்க முடியாது. விதியே அப்படி!

• அதனால் புதிய எழுத்தைச் சேர்க்கக் கோரும் வரைவுகள் நத்தை வேகத்தில்தான் நகரும். பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும் கணக்குக் குறிகளுக்குமான வரைவு போனது 2012-இல். முந்திரி (1/320) உட்பட 51 குறிகள் பட்டியலில் நுழைந்தது 2019-இல்.

• எழுத்தை வரைந்து காட்டினால் மட்டும் போதாது. ஏட்டிலோ அச்சிலோ அது புழங்கியதற்குச் சான்று கேட்பார்கள்; நியாயம்தான்.

• எதிர்ப்புக்கும் இடமுண்டு. 2010-இல் கிரந்த வரைவைத் தள்ளிவைக்கக் கோரி முதல்வர் கருணாநிதியே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2014-இல் கிரந்தம் தமிழோடு கலக்காமல் தனிப் பகுதியாக ஏறியது.