ஐபோன் வீடியோவை ஓட்ட விண்டோஸ் ஏன் காசு கேட்குது? கோடெக் காப்புரிமை சண்டையின் பின்னணி!

ஐபோன்ல எடுத்த வீடியோவை விண்டோஸ் லேப்டாப்புக்கு மாத்தி கிளிக் பண்ணினா, சில நேரம் படம் ஓடாது. 'ஹெச்இவிசி எக்ஸ்டென்ஷன் வாங்குங்க' என மைக்ரோசாப்ட் ஸ்டோர் வந்து நிற்கும். அமெரிக்காவில் அதன் விலை 99 சென்ட். வீடியோ நம்மளோடது, லேப்டாப்பும் நம்மளோடது. அப்போ காசு எதுக்கு?

கோடெக் என்றால் என்ன?

ஃபுல் ஹெச்டி வீடியோவை சுருக்காமல் அப்படியே சேமித்தால், ஒரு நிமிடத்துக்கே சுமார் 11 ஜிபி ஆகும். அதைச் சுருக்கி, பார்க்கும்போது மீண்டும் விரித்துக் காட்டுவதுதான் கோடெக். உதாரணமாக, ஒருத்தர் சுவர் முன்னாடி நின்னு பேசுறார். சுவர் மாறப்போவதில்லை, உதடு மட்டும்தான் அசையும். மாறிய பகுதியை மட்டும் எழுதி வைத்தால் போதும். இந்த மாதிரி ஆயிரக்கணக்கான உத்திகளுக்கு வெவ்வேறு நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருக்கின்றன.

2003-ல் வந்த ஹெச்.264 கோடெக்குக்கு, எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு பல நிறுவனங்களுக்கும் சேர்த்து கட்டணம் வசூலித்தது. ஆண்டுக்கு முதல் 1 லட்சம் பிரதிகள் இலவசம். அதற்கு மேல் பிரதிக்கு 20 சென்ட், 50 லட்சத்தைத் தாண்டினால் 10 சென்ட்.

20 சென்ட் தானே, கட்டினா என்ன?

இங்கதான் சிக்கலே. ஃபயர்பாக்ஸ் மாதிரி கட்டற்ற மென்பொருளை யார் வேணும்னாலும் நகல் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். எத்தனை பிரதி என்று யார் எண்ணுவது? மொஸில்லா கட்டணம் கட்டினாலும், அதை எடுத்து மாற்றி வெளியிடும் மாணவருக்கு அந்த உரிமம் போய்ச் சேராது. அதனால் பல ஆண்டுகள் ஃபயர்பாக்ஸ் ஹெச்.264-ஐ சேர்க்க மறுத்தது.

2013-ல் சிஸ்கோ ஒரு வழி சொன்னது. கோடெக் நிரலை இலவசமாகத் தருகிறோம், கட்டணத்தையும் நாங்களே கட்டுகிறோம் என்றது. அப்போது ஆண்டு உச்சவரம்பு 65 லட்சம் டாலர். ஆனால் சிஸ்கோ தயாரித்துத் தரும் கோப்புக்குத்தான் அந்தச் சலுகை. அதே நிரலை நீங்களே கம்பைல் பண்ணினா, கட்டணம் உங்க தலையில்!

இலவச கோடெக் வந்த கதை

அடுத்து வந்த ஹெச்.265, அதாவது ஹெச்இவிசி, நிலைமையை மோசமாக்கியது. ஒன்றுக்கு மூன்று வசூல் அமைப்புகள் முளைத்தன. 'மொத்தம் எவ்வளவு கட்டணும்?' என்பதற்கே தெளிவான பதில் இல்லை. பெரிய நிறுவனங்களே கடுப்பானது அப்போதுதான். 2015-ல் கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மைக்ரோசாப்ட், மொஸில்லா, இன்டெல், சிஸ்கோ கைகோர்த்து, 2018-ல் ஏவி1 என்ற கட்டணமில்லா கோடெக்கை வெளியிட்டன. யூடியூப், நெட்ஃபிளிக்ஸில் இப்போது பல வீடியோக்கள் இதில்தான் வருகின்றன.

இதற்கும் தடை வராமல் இல்லை. 'ஏவி1-லும் எங்கள் உறுப்பினர்களின் காப்புரிமை இருக்கு' என 2019-ல் சிஸ்வெல் நிறுவனம் கட்டணப் பட்டியல் நீட்டியது. ஏவி1-க்கான சிப் இல்லாத பழைய போன்களில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ஐபோனிலேயே அந்த சிப் 2023-ல் வந்த 15 ப்ரோவில்தான் முதலில் இடம்பெற்றது.

சரி, என் வீடியோ ஓடணுமே?

விஎல்சி பிளேயரில் காசு கொடுக்காமலே ஓடும். இல்லைன்னா ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்வு செய்யுங்க. இனி எடுக்கும் வீடியோ ஹெச்.264-ல் பதிவாகும். ஃபைல் சைஸ் கூடும், 4கே 60 ஃபிரேம் கிடைக்காது.